147ஆம் எண் ஓடு

பிப்ரவரி 11

இருபத்திரண்டு ஆண்டுகள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இனி எழுதி வைக்கப்போகிறேன், தேதி போட்டு, ஒன்று விடாமல். முகாம் முடியும்போது இது ஒரு புகார் மனுவுக்கு ஆதாரமாகும். யார்மீது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: முனைவர் தணிகாசலம். இந்த அகழாய்வின் இயக்குநர். என்னோடு ஒரே நாளில் துறையில் சேர்ந்தவர். பழைய பானை ஓட்டில் நான் படித்த பெயரைத் தான் படித்ததாக அச்சில் ஏற்றிக்கொண்டவர்.

இன்று மதியம் எருக்கம்பாறை வந்து சேர்ந்தேன். நிறுத்தத்திலிருந்து பெட்டியை நானே சுமந்து நடந்தேன். ஜீப் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். ஜீப் இயக்குநருக்கு மினரல் வாட்டர் வாங்கப் போயிருந்ததாம். ஊற்று நீரை ஆராய வந்தவருக்கு மினரல் வாட்டர்.

ஊருக்கு வடக்கே அதே மொட்டைப் பாறை, அதன் அடியில் காடைச்சுனை. கிழக்கே படிகள், பெண்கள் தண்ணீர் எடுப்பது அங்கே. மேற்கே கருப்பர் பாறை, பனைமரத்தில் பாதி உயரம். அதன்மேல் பெண்கள் ஏறுவதில்லை. நடுவில் பச்சை நீர், முப்பத்தெட்டு அடி ஆழம். அடியில் ஊற்றுக்கண் இருப்பதால் எந்தக் கோடையிலும் வற்றியதில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் இங்கே நாங்கள் கரையில் மட்டும் தோண்டினோம். ஈராயிரம் ஆண்டுகளாக ஆட்கள் எதையெதையோ போட்டது நீருக்குள். அதற்குள் இறங்க இப்போதுதான் அனுமதி.

ஊர்த் தலைவரான அம்பலம் மூன்று நிபந்தனை விதித்திருக்கிறார். மோட்டார் வைத்து இறைக்கக் கூடாது. செருப்போடு இறங்கக் கூடாது. மூன்றாவது, சுனையிலிருந்து ஒரு பொருளை எடுத்தால் பதிலுக்கு ஒரு கல்லை உள்ளே போட வேண்டும். போடாவிட்டால் ஊற்றுக்கண் அடைத்துக்கொள்ளுமாம்.

என் வேலை பதிவேடு. மேலே வரும் ஒவ்வொரு பொருளுக்கும் எண், கிடந்த இடம், ஆழம், அளவு. ஓடுகளின் உட்புறத்தில் எண் எழுதுவதும் நான்தான்.

“உன்னை மாதிரி நம்பர் போட துறையிலயே ஆள் கிடையாதுய்யா. அதுக்காகவே கேட்டு வாங்கினேன்” என்றார் தணிகாசலம், தோளில் தட்டி. கல்வெட்டியலில் தங்கப் பதக்கம் வாங்கியவனிடம்.

பிப்ரவரி 12

நீருக்குள் இறங்குபவர் பெயர் இன்னாசி. தூத்துக்குடிக்காரர், சங்கு குளித்தவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். கடல் ஆய்வுகளில் வேலை செய்திருக்கிறார். நன்னீரில் இதுதான் முதல் தடவை.

இறங்கியவர் இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்து, படியில் உட்கார்ந்து இடுப்புப் பட்டையிலிருந்து ஈயக் கட்டிகளைக் கழற்ற ஆரம்பித்தார்.

“என்னாச்சு?” என்றேன்.

“கடல்னா தூக்கும் சார். எந்நேரமும் பிள்ளைய ஏந்துத மாதிரி ஏந்திக்கிட்டே கெடக்கும். இது ஏந்த மாட்டேங்கு. கல்லு கணக்கா இறங்கிட்டேன். ரெண்டு கிலோ கொறச்சுப் பாப்போம்.”

“நல்ல தண்ணிக்கு அடர்த்தி குறைவு” என்றேன்.

“அடர்த்தியோ என்னமோ. உப்பிருந்தாத்தான் ஒறவு” என்று சிரித்தார்.

குழாய்களைக் கட்டி அடியில் கட்டம் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண். இன்னாசி கையால் விசிறி விசிறி வண்டலைக் கலைக்கிறார். காலை ஒருமுறை உதைத்தால் போதும், மூன்று மணி நேரத்துக்கு ஒன்றும் தெரியாது. மடியில் கூழாங்கற்களோடு இறங்குகிறார். ஒரு பொருளைக் கூடையில் வைக்கும்போது ஒரு கல்லை அந்த இடத்தில் வைக்கிறார்.

பதினொரு மணிக்குத் தேநீர் வந்தது. தூக்குவாளியோடு வந்தது குருவம்மாள்.

முகம் ஒடுங்கியிருக்கிறது. குரல் அப்படியே. முன்பு எங்களிடம் ஓடு கழுவும் வேலையில் இருந்தாள். இப்போது தேநீர் போட்டு முகாமுக்கு விற்கிறாள். அவள் மகள் சுகந்தி எங்களிடம் தினக்கூலிக்கு ஓடு கழுவுகிறாள்.

“சாருக்கு?” என்று டம்ளரை நீட்டினாள்.

“நான் டீயை விட்டுட்டேன்.”

“அப்டியா? ஒரு நாளைக்கு ஏழு டம்ளர் குடிப்பீக. ‘குருவு, தண்ணியா இல்லாம போடு’ம்பீக. எப்ப விட்டீக?”

“ரொம்ப நாளாச்சு.”

“ரொம்ப நாளுத்தேன்” என்றாள். டம்ளரைத் திருப்பி வாளிக்குள் ஊற்றிவிட்டு அடுத்த ஆளிடம் போனாள்.

சாயங்காலம் கடைத்தெருவில் ஒரு டீ குடித்தேன். தலைவலி.

பிப்ரவரி 15

நீர் கலங்கல். வேலை இல்லை. சட்டைக்குப் பொத்தான் தைத்தேன். ரத்த அழுத்த மாத்திரை இன்னும் பதினெட்டு இருக்கிறது.

பிப்ரவரி 19

நல்ல நாள். மரச் சீப்பு ஒன்று, பல் ஒன்றுகூட உடையாமல். இன்னாசி அதை வண்டலோடு டப்பாவில் அள்ளி, மூடி போட்டுக் கொண்டுவந்தார். சுகந்தி மூடியைத் திறக்கவே விடவில்லை.

“வேணாம் சார், காத்துப் பட்டா வெடிச்சிரும். தண்ணிக்குள்ளயே வச்சுப் பாருங்க” என்று தணிகாசலத்தின் கையையே தட்டிவிட்டாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்தார். பெண்ணுக்கு அஞ்சல் வழியில் வரலாற்றுப் பட்டம் இருக்கிறது. வேலை தெரிகிறது.

சீப்பு தவிர மணிகள் முப்பத்தொன்று, சங்கு வளையல் துண்டுகள், பெயர் கீறிய ஓடுகள் நான்கு. யாரோ ஒருவர் தன் பாத்திரத்தில் தன் பெயரைக் கீறி, கொண்டுவந்து நீரில் போட்டிருக்கிறார். என்ன வேண்டுதலோ. பெயரைப் போடாமல் வேண்டிக்கொள்ள அவர்களுக்கு மனம் வரவில்லை.

சாப்பாட்டின்போது தணிகாசலம் சொன்னார். சுனைக்கரையில் காட்சிக்கூடம் வருகிறதாம். அதற்கு ஒரு காப்பாளர் பணி, நிரந்தரம். “சுகந்தி பேரை அனுப்பிட்டேன். மேல ஒரு சின்னத் தடங்கல். அம்மாவோட பழைய ஃபைல். இவ்ளோ வருஷம் கழிச்சு அதையெல்லாமா பாப்பாங்க, பேசிக்கலாம்.”

பழைய ஃபைல் என்ன என்பதை எழுதிவிடுகிறேன். மனுவுக்கும் தேவைப்படும்.

அன்றைய அகழாய்வில், ஒரு மார்ச் மாதக் காலையில், கிழக்குக் கரைக் குழியிலிருந்து கருப்பு சிவப்பு ஓடு ஒன்று வந்தது. நான் அதை நனைத்து வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்தேன். கீறல்கள் எழுத்தாயின. எயினி. ஒரு பெண்ணின் பெயர். காடைச்சுனையில் கிடைத்த முதல் பெயர். படித்தது நான். அதற்கு எண் எழுதியதும் நான், 147. மூன்று வாரம் கழித்து ஆய்விதழிலிருந்து தணிகாசலத்தின் கட்டுரை மெய்ப்பு, பிழை திருத்துவதற்கான அச்சுப்படி, முகாமுக்குத் தபாலில் வந்தது. ‘இவ்வோட்டிலுள்ள பெயரை நான் எயினி எனப் படித்துள்ளேன்.’ என் பெயர் கடைசிப் பக்க அடிக்குறிப்பில், பதிவு உதவிக்கு நன்றி என்று.

அதே நாளில் ஓடு காணாமல் போயிற்று. கிடங்குச் சாவி குருவம்மாளிடம் இருந்தது. வேலையிலிருந்து நீக்கினார்கள். நிரந்தரம் ஆகவிருந்தவள். ஃபைலில் ‘களவு’ என்று எழுதினார்கள்.

தணிகாசலத்தின் கட்டுரை வந்தது, ஆனால் காட்ட ஓடு இல்லை. கருத்தரங்கில் ஒருவர் எழுந்து, “அந்த எயினி எங்கே இருக்கிறார், சந்திக்கலாமா?” என்று கேட்க, கூடமே சிரித்தது. ஆறு ஆண்டுகள் அவருக்குப் பதவி உயர்வு வரவில்லை. பின் வரிசையில் நானும் இருந்தேன். சிரித்தேன் என்று சொல்ல மாட்டேன்.

பிப்ரவரி 20

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். ஒரு திருத்தம். சாவி என் பொறுப்பு. அன்று காலையில் குருவம்மாளிடம் கொடுத்திருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் வாங்கிக்கொண்டு, பிறகு திரும்பக் கொடுத்தேன். அது பெரிய விஷயமில்லை. ஆனால் பதிவு சரியாக இருக்க வேண்டும்.

பிப்ரவரி 24

இன்னாசி இன்று ஒரு மணி வரை மேலே வரவே இல்லை என்று எல்லோரும் பயந்தார்கள். பிறகு குமிழி வந்தது. ஏறியவுடன் முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டு, “சார், அங்கன ஒரு ரூமு இருக்கு” என்றார்.

கருப்பர் பாறைக்கு அடியில், பதினைந்து அடி ஆழத்தில், ஆள் நுழையுமளவு ஒரு துவாரம். உள்ளே போனால் ஒரு பொந்து. சுற்றிலும் பாறை.

“உள்ள போயி அண்ணாந்து பாக்கேன், நூல் கணக்கா வெளிச்சம். மேல பாறைல ஒரு வெடிப்பு இருக்கும் போலுக்கு. அது வழியாத்தான் வருது. தரையில இரும்பு கெடக்கு, ஓடு கெடக்கு. நான் தொடல. கல்லு தீந்து போச்சு.”

தணிகாசலம் பாறை மேலே ஏறிப் போய்ப் பார்த்தார். உச்சியில் கையகலப் பிளவு ஒன்று இருக்கிறது. ஒரு கூழாங்கல்லைப் போட்டார். நொடி கழித்து ‘களுக்’ என்று சத்தம். ஐம்பத்திரண்டு வயதுக்காரர், குழந்தை மாதிரி இன்னொன்றும் போட்டார்.

“நீயும் வாய்யா, பாரு!” என்று கூப்பிட்டார்.

முழங்கால் வலி என்று சொல்லிக் கீழேயே நின்றேன்.

பிப்ரவரி 26

எப்படி எழுதுவது? நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

பொந்திலிருந்து இன்று பதினான்கு பொருள்கள். இரும்பு அம்பு முனை ஐந்து, ஒரு கத்தி, செம்பு மோதிரம் ஒன்று, ஆண் பெயர் கீறிய ஓடுகள் ஆறு. கடைசியாக ஓர் ஓடு. நான் பதிவேட்டில் வரிசையாக எழுதிக்கொண்டே வந்தேன். சுகந்தி தொட்டியில் ஓட்டைத் தூரிகையால் நீவிக்கொண்டிருந்தாள்.

“சார், இதுல ஏற்கனவே நம்பர் போட்டிருக்கு.”

“எதுல?”

“உள்பக்கம். நூத்தி நாப்பத்தேழு.” பிறகு, தலையைச் சாய்த்து, “ஏழுக்கு நடுவுல கோடு. நீங்க போடுறாப்புலயே இருக்கு.”

நான் ஓட்டில் முதலில் மெல்லிய வார்னிஷ் பூசி, காய்ந்தபின் இந்திய மையால் எழுதி, அதன் மேல் இரண்டு பூச்சு பூசுவேன். மற்றவர்கள் ஒன்றோடு நிறுத்துவார்கள், ஓராண்டில் மை உரிந்துவிடும். இது உரியவில்லை. வண்டலில் இருபத்திரண்டு ஆண்டுகள் கிடந்தும் நேற்று எழுதியது மாதிரி இருந்தது.

தணிகாசலம் ஓடி வந்தார். ஓட்டைத் திருப்பினார். எயினி. படியில் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரு மனிதனை இல்லாத ஓட்டுக்காரன் என்று கூப்பிட்டிருக்கிறார்கள்.

“இருக்கா. இருக்காய்யா இவ” என்றார் என்னைப் பார்த்து.

வாழ்த்துகிறேன் என்று சொன்னேன் என நினைக்கிறேன்.

இன்னாசி படியில் நின்று கூழாங்கல்லைத் தேடிக்கொண்டிருந்தார். வாளியோடு வந்த குருவம்மாள் என்ன ஏது என்று கேட்டாள். சுகந்தி சொன்னாள். குருவம்மாள் ஓட்டைக் கையில் வாங்கவில்லை. எட்டி நின்று பார்த்தாள்.

“இதுக்குக் கல்லுப் போட வேணாம் அண்ணே” என்றாள் இன்னாசியிடம். “இது சுனையோடது இல்ல. இவுக ஆபீஸோடது.”

பிப்ரவரி 27

தணிகாசலம் கெட்டவர் அல்லர். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் ஒரு தடவை ஒன்றை நம்பிவிட்டால் மறுபடி யோசிக்க மாட்டார்.

காலையில் குருவம்மாளைக் கூடாரத்துக்குக் கூப்பிட்டார். நானும் இருந்தேன், பதிவேட்டோடு.

“பழசைக் கிளற வேண்டாம்னு இருந்தேன் குருவம்மா. ஆனா ஓடு கிடைச்சுப் போச்சு. அன்னைக்கு எல்லாரையும் சோதனை போட்டோம். பயத்துல தண்ணில வீசிட்டே. ஒத்துக்கிட்டா ஃபைலை மூட ஒரு வழி பண்ணலாம். பொண்ணுக்கு நல்லது.”

“எடுக்காதத எடுத்தேன்னு சொன்னா எம் பிள்ளைக்கு வேல குடுப்பீக.”

“அப்படி இல்ல...”

“அப்டித்தேன் சொல்றீக. எம் மக திருடி மகளா வேலைக்கு வரணுமாக்கும்? அதுக்கு அவ என்னோட டீ ஆத்தட்டும்.”

“பின்ன வேற யாரு வீசுனது? சாவி உங்கிட்டதானே இருந்தது?”

குருவம்மாள் என்னைப் பார்த்தாள். நான் பதிவேட்டின் ஓரத்தைப் பார்த்தேன். அங்கே ஒரு மைத்துளி காய்ந்திருந்தது.

“நான் அந்தப் பாறையில ஏறுனதில்ல சார்” என்றாள். “ஏறுனவுகளப் பாத்துருக்கேன்.”

தணிகாசலத்துக்குப் புரியவில்லை. அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மாலையில் சுகந்தியின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார். ஓடு கிடைத்ததை மேலே எழுதும்போது பழைய ஃபைலையும் சேர்த்தே அனுப்ப வேண்டியிருக்கிறது, வேறு வழியில்லை என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார். இரவுச் சாப்பாட்டில் ஒரு சப்பாத்தியோடு எழுந்துவிட்டார்.

பிப்ரவரி 28

சுகந்தி வந்தாள். தொட்டியில் கழுவிய ஓடுகள் நாற்பது கிடந்தன. எண்ணில்லாமல் விட்டால் கலந்துபோகும் என்று ஒவ்வொன்றையும் கட்டம் வாரியாகப் பிரித்து, சீட்டு வைத்து, பைகளில் கட்டினாள். மத்தியானம் வரை ஆயிற்று. பிறகு தூரிகைகளைக் கழுவி, ஒரு துணியில் வரிசையாக அடுக்கினாள்.

“வரேன் சார்.”

“நாளைக்கு...”

“நாளைக்கு வரல சார்.”

மார்ச் 1

மூன்று சட்டை துவைத்தேன். மாத்திரை இரண்டுதான் மிச்சம்.

மார்ச் 3

ஒருவரும் கேட்கவில்லை. எனவே எழுதுகிறேன்.

மெய்ப்பு வந்த நாள். உச்சி வெயில். எல்லோரும் வேப்பமரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். குருவம்மாளிடம் சாவியை வாங்கினேன். ஏன் என்று கேட்கவில்லை. நான் கேட்டால் கொடுப்பாள். ஓட்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பாறைமேல் ஏறினேன். உடைக்க வேண்டும் என்றுதான் போனேன். கல்லில் வைத்தேன், இன்னொரு கல்லைத் தூக்கினேன். முடியவில்லை. ஈராயிரம் ஆண்டுகள் இருந்ததை உடைக்க என் கை வரவில்லை. அந்த அளவுக்குப் படித்திருந்தேன். ஆகவே பிளவில் போட்டேன். ‘களுக்’ என்று சத்தம். நீர் அதை வைத்துக்கொள்ளும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதுகாப்பு என்றுகூட அதற்குப் பெயர் வைத்தேன்.

இறங்கி வந்து சாவியைக் குருவம்மாளிடம் கொடுத்தேன். “எங்க போயிட்டு வரீக, முதுகெல்லாம் பாசி” என்றாள். மூன்று மணிக்குச் சோதனை போட்டார்கள். சாவி யாரிடம் என்று கேட்டார்கள். அவள் முன்றானையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

நான் ஒரு வார்த்தையும் பொய் சொல்லவில்லை. என்னிடம் யாரும் கேட்கவில்லை. நான் தங்கப் பதக்கம் வாங்கியவன். அவள் கூலி.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். எயினி என்று நான் படித்த நிமிடத்தில் என் பக்கத்தில் இருந்தவள் அவள்தான். “என்ன சார் எழுதிருக்கு?” என்றாள். சொன்னேன். “ஒரு பொம்பள, தம் பேரத் தானே எழுதிருக்காளா?” என்று கேட்டு, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அந்தக் கீறலைத் தொட்டாள். முதலில் படித்தது நான் என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி. அவளைத் திருடியாக்கிவிட்டு, என்னை யாரும் நம்பவில்லை என்று இருபத்திரண்டு ஆண்டுகள் பொருமியிருக்கிறேன்.

மார்ச் 4

பதிவேடு, பக்கம் 61, கடைசி வரி. என் கையெழுத்து: ‘ஓடு, பழைய எண் 147. கிடந்த இடம்: கருப்பர் பாறைப் பொந்து. ஆழம்: 15 அடி.’

அன்று பழக்கத்தில் எழுதியது. இன்று அதையே அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பொந்துக்கு மேலே பிளவைத் தவிர வேறு வழியில்லை. படியிலிருந்து யார் வீசினாலும் அங்கே போகாது. ‘பொந்து’ என்பதை அடித்துவிட்டு, கட்டம் 9 என்று எழுதினால் போதும். கட்டம் 9 படிக்கு நேர் கீழே. இன்னாசி ஊருக்குப் போயிருக்கிறார். தணிகாசலம் பதிவேட்டைத் திறந்து பார்த்ததே இல்லை.

பேனாவில் மை நிரப்பினேன். முனையைத் துடைத்தேன்.

முப்பது ஆண்டுகளில் ஒரு பதிவைக்கூட நான் திருத்தியதில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டேன். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஒரு வரியைத் திருத்த அஞ்சியவன், ஃபைலில் ஒரு மனுஷியைப் பற்றிய வரியை அப்படியே இருக்க விட்டிருக்கிறேன்.

மார்ச் 6

தலைநகரிலிருந்து அதிகாரிகளும் பத்திரிகைக்காரர்களும் வந்தார்கள். படிக்கட்டில் மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, பொருள்களை இரண்டு வரிசையாக வைத்தோம்.

தணிகாசலம் நன்றாகப் பேசினார். பொறாமையோடு சொல்கிறேன், மிக நன்றாகவே பேசினார்.

“இந்தப் பக்கம் சுனையின் அடியில் கிடைத்தவை. சீப்பு, மணி, வளையல், பெண் பெயர்கள். அந்தப் பக்கம் பாறைப் பொந்தில் கிடைத்தவை. அம்பு, கத்தி, ஆண் பெயர்கள். கலக்கவே இல்லை. ஏன்? பொந்துக்குள் ஒரு பொருள் போக வேண்டுமென்றால் பாறை உச்சிக்கு ஏறி, பிளவு வழியாகப் போட வேண்டும். அங்கே பெண்கள் ஏறுவதில்லை என்பது இந்த ஊர் வழக்கம். அந்த வழக்கத்துக்கு ஈராயிரம் வயது என்பதை இந்தச் சுனை காட்டுகிறது. உறுதியாகச் சொல்கிறேன், அந்தப் பொந்தில் எந்தப் பெண்ணும் எதையும் போட்டதில்லை.”

கைதட்டினார்கள். நல்ல கண்டுபிடிப்பு. அவருடையது. வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

அவருக்கு முன்னால், தனியாக ஒரு கண்ணாடிப் பெட்டியில், 147 இருந்தது. ஒரு நிருபர் அது எங்கே கிடைத்தது என்று கேட்டார்.

“அதுவும் பொந்தில்தான். அது வேறு கதை. எங்கள் கிடங்கிலிருந்து திருடு போனது. திருடிய பெண் பயந்து சுனையில் வீசிவிட்டாள்” என்றார்.

சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குத் திரும்பினார். முன்பு உறுதியாகச் சொன்னதற்கும் இந்த வாக்கியத்துக்கும் நடுவில் ஐந்து நிமிடம்கூட இல்லை. ஒருவரும் திடுக்கிடவில்லை. பேனாக்கள் ஓடிக்கொண்டே இருந்தன. கூட்டத்துக்குப் பின்னால் குருவம்மாள் காகிதக் கோப்பைகளில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் கை மட்டும் ஒரு கணம் நின்றது. பிறகு ஊற்றினாள்.

மார்ச் 7

இன்னாசி திரும்பி வந்தார். சாயங்காலம் படியில் உட்கார்ந்து கால்களை நீரில் விட்டுக்கொண்டு கேட்டார்: “சார், அந்த ஓட்ட வீசுனது டீக்கார அக்கான்னு பேப்பர்ல போட்டிருக்கு. அது எப்படி சார் பொந்துக்குள்ள வரும்? நானே ஈயத்தக் கட்டிக்கிட்டு நொழஞ்சுல்லா எடுத்தேன்.”

“இயக்குநர்கிட்ட கேட்டீங்களா?”

“கேட்டேன். ‘நீரோட்டம் இழுத்திருக்கும்’னாரு. அங்க ஏது சார் ஓட்டம்? செத்த தண்ணி. ஒரு தூசி விழுந்தா விழுந்த எடத்துல கெடக்கும்.” பிறகு என் முகத்தைப் பார்த்தார். “ஒங்களுக்குத் தெரியாததா? நீங்கதான எழுதுனது.”

மார்ச் 9

முகாம் நாளை முடிகிறது. 212 பொருள்கள். 211 கற்கள். அம்பலத்தின் ஆள் வந்து எண்ணிப் பார்த்து, ஒன்று குறைகிறதே என்றார். சுனைக்குச் சேராத பொருள் ஒன்று என்று சொன்னேன். எது என்று கேட்டார். காட்டினேன்.

காலையில் குருவம்மாளிடம் போய் டீ கேட்டேன். ஆற்றிக் கொடுத்தாள், தண்ணியாக இல்லாமல். காசை நீட்டினேன். வாங்கிக்கொண்டு மிச்சம் கொடுத்தாள். மன்னிப்புக் கேட்க வந்தேன் என்று நினைத்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது. அதற்குள் அவளே பேசினாள்.

“எனக்கு ஒண்ணும் வேணாம் சார். எனக்குப் போனது போச்சு. அவ படிச்ச பிள்ள.”

அவ்வளவுதான். அடுத்த ஆள் வந்துவிட்டான்.

புகார் மனு எழுதத்தான் இந்த நோட்டை வாங்கினேன். மனு எழுதியாகிவிட்டது, ஆள்தான் மாறிவிட்டது. இந்தத் தாள்களைப் பிரித்து எடுத்துவிட்டேன். இன்று எழுதும் இந்தத் தாளோடு பத்தொன்பது. பதிவேட்டின் 61ஆம் பக்கத்தை நகல் எடுத்து மேலே வைத்திருக்கிறேன். அதன்கீழே, பொந்தில் எந்தப் பெண்ணும் எதையும் போட்டதில்லை என்று தணிகாசலம் மார்ச் 6 அன்று சொன்ன வாக்கியத்தை, பத்திரிகையில் வந்தபடி, ஒட்டியிருக்கிறேன். அந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால் போதும். மற்றவை விளக்கவுரை. முழுவதையும் இரண்டு நகல் எடுத்தேன். தாள்கள் துறைத் தலைமைக்கு, ஒரு நகல் சுகந்திக்கு, ஒன்று தணிகாசலத்துக்கு. ஓய்வுக்கு ஆறு ஆண்டுகள் இருக்கின்றன. விசாரணை வரும், ஓய்வூதியம் போகலாம். கணக்குப் போட்டுப் பார்த்தேன், பிறகு நிறுத்திவிட்டேன்.

உறையை ஒட்டும் முன்பு ஒருமுறை புரட்டினேன். பத்தொன்பது தாளில் என் பெயர் ஓரிடத்திலும் இல்லை. கடைசியில் கையெழுத்துப் போடலாம் என்று பேனாவைத் திறந்தேன். பெயரை அச்சில் பார்க்க வேண்டுமென்று இருபத்திரண்டு ஆண்டுகள் துடித்தவன் நான். இங்கே அதைப் போட்டால் இதுவும் என் கட்டுரை ஆகிவிடும். படிப்பவர்கள் என்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். பெயரை விடுவது ஒளிந்துகொள்வதற்காக அல்ல. யார் எழுதியது என்று தெரிந்துகொள்ள அவர்கள் சிரமப்பட வேண்டியதில்லை. துறைக் கிடங்குகளில் பல்லாயிரம் ஓடுகளின் உட்புறத்தில் என் எழுத்து இருக்கிறது. இந்தத் தாள்களில் வரும் ஏழுகளைப் பார்த்தால் போதும்.

அஞ்சல் பெட்டி கடைத்தெருவில் இருக்கிறது. நான்கு மணிக்கு எடுப்பார்கள். இப்போது மூன்றேகால். பெயர் போடாமலே அனுப்புகிறேன்.